வாசுதேவன் பாஸ்கரன்

வாசுதேவன் பாஸ்கரன் (பிறப்பு: ஆகஸ்ட் 17, 1950) தமிழகத்தைச் சேர்ந்த முன்னாள் வளைதடிப் பந்தாட்ட (ஹாக்கி) வீரரும் பயிற்றுநரும் ஆவார். 1980ஆம் ஆண்டு மாஸ்கோ ஒலிம்பிக் போட்டியில் தங்கப் பதக்கம் வென்ற இந்திய அணிக்குத் தலைமை தாங்கினார். ஒலிம்பிக் ஹாக்கியில் இந்தியா பெற்ற எட்டாவது தங்கம் அது. அதன் பின்னர் இன்று வரை இந்தியா அப்போட்டியில் தங்கம் வெல்லவில்லை. ஆட்டக்காரர் வாழ்க்கைக்குப் பின் இந்திய அணியின் பயிற்றுநராக இருமுறை பொறுப்பேற்றார். 2000இல் சிட்னி ஒலிம்பிக் போட்டிக்கும், 2006இல் உலகக்கோப்பை மற்றும் ஆசிய விளையாட்டுப் போட்டிகளுக்கும் அணியை அழைத்துச் சென்றார். அருச்சுனா விருது, பத்மசிறீ ஆகியவற்றைப் பெற்றவர்.

தலைவராகத் தங்கமும் பயிற்றுநராக ஏமாற்றமும் என்று இவருடைய வாழ்க்கையை இரண்டு பாதிகளாகப் பிரித்துச் சொல்வது வழக்கமாகிவிட்டது. இரண்டு பாதிகளையும் அவை நிகழ்ந்த சூழலோடு சேர்த்துப் பார்த்தால், தங்கத்தை மிகையாகவும் தோல்விகளைக் கடுமையாகவும் மதிப்பிட்டிருக்கிறோமோ என்ற ஐயம் எழுகிறது.

ஆரணியும் சென்னையும்

பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற ஆரணியில் பாஸ்கரன் பிறந்தார். அன்றைய வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்த அவ்வூர் இப்போது திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ளது. சென்னை இலயோலா கல்லூரியில் படித்தார்.

அக்காலத்துச் சென்னை, ஹாக்கிக்கு வளமான நகரமாக இருந்தது. ஆங்கிலேயப் படையினர், இரயில்வே ஊழியர், ஆங்கிலோ இந்தியர் ஆகியோர் வழியாக இங்கே வேரூன்றிய ஆட்டம், கல்லூரிகளுக்கும் அரசுத் துறைகளுக்கும் வங்கிகளுக்கும் பரவியது. சென்னைக் கிரிக்கெட் கழகம் (எம்.சி.சி.) 1901இல் தொடங்கிய ஹாக்கிப் போட்டி, பின்னாளில் முருகப்பா தங்கக் கோப்பையாக நடைபெற்று வருகிறது. தெற்கு இரயில்வே, பெரம்பூர் இரயில் பெட்டித் தொழிற்சாலை, காவல்துறை, இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி முதலியவற்றின் அணிகள் நகரப் போட்டிகளில் மோதின. ஆட்டத்திற்கென்று தனி ஊதியம் கிடையாது. நன்றாக ஆடுபவருக்கு அலுவலகத்தில் வேலை கிடைக்கும், மாலையில் பயிற்சிக்கு நேரம் கிடைக்கும், அவ்வளவே. ஐரோப்பியக் காற்பந்தாட்டத்திலோ ஆஸ்திரேலிய ரக்பியிலோ இருந்த தொழில்முறை ஒப்பந்தங்கள் இந்திய ஹாக்கி வீரருக்கு அன்று கேள்விப்பட்டிராத ஒன்று.

பாஸ்கரனுக்கு முன்னரே இந்நகரம் ஒலிம்பிக் வீரர்களைத் தந்திருந்தது. இலக்குக்காப்பாளர் ரங்கநாதன் பிரான்சிஸ் 1948, 1952, 1956 என மூன்று தங்கங்களில் பங்குபெற்றவர். முனீர் சேட், கிருஷ்ணமூர்த்தி பெருமாள் ஆகிய இருவரும் 1968இல் மெக்சிகோவில் வெண்கலம் வென்ற அணியில் இருந்தனர். பெருமாள் 1972இல் மியூனிக்கிலும் வெண்கலம் பெற்றார். வலப்பக்க முன்னணி வீரரான வி. ஜே. பிலிப்ஸ் 1975இல் உலகக்கோப்பையை வென்ற அணியில் ஆடினார். இருப்பினும் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அணியின் தலைவர் என்ற பெருமை தமிழகத்தில் பாஸ்கரனுக்கே உரியது.

ஆடிய இடம்

பாஸ்கரன் அரைக்காப்பு வரிசையில் ஆடினார். பழைய இந்திய முறையில் இலக்குக்காப்பாளருக்கு முன்னால் இரண்டு பின்காப்பாளரும், அவர்களுக்கு முன்னால் மூன்று அரைக்காப்பாளரும், அதற்கும் முன்னால் ஐந்து முன்னணி வீரரும் நிற்பர். நடுவில் நிற்கும் அம்மூவர்தாம் ஆட்டத்தின் முதுகெலும்பு. எதிரணியின் தாக்குதலைத் தடுத்துப் பந்தைப் பறிப்பதும், பறித்த பந்தை முன்னணிக்கு உரிய வேகத்தில் அனுப்புவதும் அவர்களுடைய வேலை. பந்து எந்தப் பக்கம் போனாலும் அவர்களுக்கு ஓட்டம் உண்டு. கோல் பட்டியலில் அவர்கள் பெயர் அரிதாகவே வரும். வானொலி வருணனையில் தயான்சந்த் போன்ற முன்னணி வீரர் பெயர்கள் ஒலித்த அளவுக்கு அரைக்காப்பாளர் பெயர்கள் ஒலிப்பதில்லை.

அணித்தலைவர்கள் இவ்வரிசையிலிருந்து வருவது தற்செயல் அன்று. 1975இல் உலகக்கோப்பையை வென்ற அஜித்பால் சிங் நடு அரைக்காப்பாளர். 1988இல் சியோலில் தலைமை தாங்கிய எம். எம். சோமையாவும் அவ்வரிசையினரே. ஆட்டம் முழுவதும் கண்முன் தெரியும் இடம் அது. பிற்காலத்தில் பயிற்றுநராக ஆவதற்கும் அதுவே நல்ல பள்ளி.

மொன்ட்ரியால் 1976

பாஸ்கரனின் முதல் ஒலிம்பிக் போட்டி மகிழ்ச்சி தருவதாக அமையவில்லை. 1975 மார்ச் மாதம் கோலாலம்பூரில் பாகிஸ்தானை 2-1 என வென்று உலகக்கோப்பையைக் கைப்பற்றிய இந்தியா, மறு ஆண்டு கனடாவின் மொன்ட்ரியால் நகருக்கு நம்பிக்கையோடு சென்றது. அங்கே ஒலிம்பிக் வரலாற்றில் முதன்முறையாக ஹாக்கி செயற்கைப் புல்தரையில் ஆடப்பட்டது. அப்போது இந்தியாவில் அத்தகைய தரை ஒன்றுகூட இல்லை.

தரை மாறினால் என்ன என்று தோன்றலாம். இயற்கைப் புல்லில் பந்து மெதுவாக வரும், மேடுபள்ளத்தில் எகிறும். தடியால் அதை அடக்கி, இடமும் வலமும் உருட்டி, எதிராளியை ஏமாற்றி முன்னேறும் கைவண்ணத்துக்கு அங்கே மதிப்பு அதிகம். இந்திய, பாகிஸ்தானிய ஆட்டம் அக்கைவண்ணத்தின் மேல் கட்டப்பட்டது. செயற்கைத் தரையிலோ பந்து எகிறாமல், மிக வேகமாக, நேர்க்கோட்டில் செல்லும். எவரும் அதை எளிதில் நிறுத்தலாம். எனவே நீண்ட தூர அடி, இடைவிடாத ஓட்டம், உடல் வலிமை ஆகியவை முன்னுக்கு வந்தன. அரைக்காப்பாளருக்கு இம்மாற்றம் இரட்டைச் சுமை: எதிரணியினர் முன்னைவிட விரைவாக வருவர், தவறிய பந்தைத் துரத்திப் பிடிக்கும் வாய்ப்போ முன்னைவிடக் குறைவு.

பிரிவு ஆட்டத்தில் ஆஸ்திரேலியாவிடம் இந்தியா 6-1 எனத் தோற்றது. அரையிறுதிக்குச் செல்ல அதே ஆஸ்திரேலியாவுடன் மீண்டும் ஆட வேண்டியதாயிற்று. இம்முறை 1-1 எனச் சமநிலையில் முடிந்து, பெனால்டி ஸ்ட்ரோக் முறையில் இந்தியா தோற்றது. இறுதியில் ஏழாம் இடம். 1928இல் ஒலிம்பிக் ஹாக்கியில் அடியெடுத்து வைத்தது முதல் இந்தியா பதக்கமின்றித் திரும்பியது அதுவே முதல் தடவை. நியூசிலாந்து தங்கம் வென்றது.

மாஸ்கோ 1980

1979 டிசம்பரில் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்ததை எதிர்த்து அமெரிக்காவும் அதன் நட்பு நாடுகள் பலவும் மாஸ்கோ ஒலிம்பிக்கைப் புறக்கணித்தன. ஹாக்கியில் இதன் விளைவு கடுமையாக இருந்தது. ஆடவர் பிரிவில் இந்தியா, ஸ்பெயின், சோவியத் ஒன்றியம், போலந்து, கியூபா, தான்சானியா ஆகிய ஆறு அணிகள் மட்டுமே ஆடின. மொன்ட்ரியாலில் முதல் ஐந்து இடங்களைப் பெற்ற நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, பாகிஸ்தான், நெதர்லாந்து, மேற்கு ஜெர்மனி ஆகிய ஐந்தும் வரவில்லை. ஆறாவதாக வந்த ஸ்பெயினும் ஏழாவதாக வந்த இந்தியாவும் மாஸ்கோவில் இறுதியாட்டத்தில் சந்தித்துக்கொண்டன.

இந்திய அணி பெரும்பாலும் புதிய அணி. மொன்ட்ரியாலில் ஆடியவருள் பாஸ்கரனும் இலக்குக்காப்பாளர் பீர் பகதூர் சேத்ரியும் மட்டுமே இதிலும் இருந்தனர். பயிற்றுநர் பால்கிஷன் சிங். முகமது ஷாகித், மெர்வின் பெர்னாண்டஸ், ஜாபர் இக்பால், சுரிந்தர் சிங் சோதி, எம். கே. கௌசிக் எனத் துடிப்பான முன்னணி வரிசை அமைந்தது. ஷாகித்துக்கு அப்போது வயது இருபது. மற்றவருக்கெல்லாம் அது முதல் ஒலிம்பிக் என்பதால், தோல்வியின் சுவையறிந்த மூத்தவராக முப்பதை நெருங்கிக்கொண்டிருந்த பாஸ்கரன் தலைமை தாங்கினார்.

ஆறு அணிகளும் ஒன்றோடொன்று ஆடி, முதலிரு இடம் பெறுவோர் இறுதியாட்டம் ஆடுவது என்பது ஏற்பாடு. தான்சானியாவை இந்தியா 18-0 என வென்றது. அடுத்து போலந்துடன் 2-2, ஸ்பெயினுடன் 2-2 என இரண்டு சமநிலைகள். பின்னர் கியூபாவை 13-0 என வென்றது. பெரிய எண்ணிக்கைகளைக் கண்டு எல்லாம் எளிதாக முடிந்ததாக எண்ணிவிடக் கூடாது. போலந்துடனான சமநிலைக்குப் பின், இறுதிக்குள் நுழைவது உறுதியற்றதாகவே இருந்தது. கடைசி ஆட்டத்தில் சோவியத் ஒன்றியத்தை அதன் சொந்த மண்ணிலேயே 4-2 என வென்ற பிறகே இந்தியா இறுதியாட்டத்தை எட்டியது.

ஜூலை 29, 1980 அன்று நடந்த இறுதியாட்டம் அத்தொடரின் உண்மையான சோதனை. சோதி இரண்டு கோல்கள் அடித்தார். இடைவேளைக்குப் பின் கௌசிக் மூன்றாவதை அடிக்க, இந்தியா 3-0 என முந்தியது. அத்துடன் முடிந்தது என்று அரங்கிலிருந்தோர் கருதியிருப்பர். ஸ்பெயினின் குவான் அமத் அடுத்தடுத்து இரண்டு கோல்கள் அடித்து ஆட்டத்தை உயிர்ப்பித்தார். ஷாகித் நான்காவது கோலை அடித்தார். அமத் தம் மூன்றாவது கோலை அடித்து 4-3 ஆக்கினார். எஞ்சிய நேரத்தைத் தாங்கி நின்ற பின் இந்தியா தங்கம் வென்றது. சோவியத் ஒன்றியம் போலந்தை வென்று வெண்கலம் பெற்றது. ஆறு ஆட்டங்களில் இந்தியா அடித்தவை 43 கோல்கள், வாங்கியவை 9. சோதி மட்டும் 15 கோல்கள் அடித்தார்.

பாஸ்கரன் இத்தொடருக்காகவே நினைவுகூரப்படுகிறார். 1964இல் டோக்கியோவில் வென்ற பின் பதினாறு ஆண்டுகள் கழித்து வந்த தங்கம் அது.

பதக்கத்தின் மதிப்பு

வலிமையான அணிகள் வராத போட்டியில் வென்ற தங்கம் என்று மாஸ்கோ வெற்றியைக் குறைத்துக் கூறுவோர் உண்டு. அக்கூற்றில் உண்மை இருக்கிறது. அதே தலைமுறையினர் வலுவான எதிராளிகளைச் சந்தித்தபோது முடிவுகள் வேறாக இருந்தன. 1982 தொடக்கத்தில் பம்பாயில் நடந்த உலகக்கோப்பையில் இந்தியா ஐந்தாம் இடமே பெற்றது. அதே ஆண்டு இறுதியில் தில்லி ஆசிய விளையாட்டுப் போட்டியின் இறுதியாட்டத்தில் பாகிஸ்தானிடம் 7-1 எனத் தோற்றது. 1984இல் லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கிலும் ஐந்தாம் இடம்.

ஆயினும் புறக்கணிப்பு முடிவு ஆட்டக்காரர்கள் எடுத்ததன்று. எதிரே வந்து நின்றவர்களை வெல்வது ஒன்றே அவர்கள் கையில் இருந்தது. மேலும், முந்தைய ஒலிம்பிக்கில் பதக்கம் இழந்து திரும்பிய ஒரு நாட்டின் அணி, செயற்கைத் தரையில் போதிய பழக்கமின்றியே சென்று ஒரு தோல்வியும் இல்லாமல் திரும்பியது என்பதும் உண்மையே. இவ்விரண்டையும் சேர்த்தே அப்பதக்கத்தை எடைபோட வேண்டும்.

அருச்சுனா விருது 1979-80ஆம் ஆண்டுக்காகவும், பத்மசிறீ 1981இலும் பாஸ்கரனுக்கு வழங்கப்பட்டன.

பயிற்றுநராக: சிட்னி 2000

மாஸ்கோ அணியிலிருந்து சிலர் பின்னாளில் இந்திய ஆடவர் அணியின் பயிற்றுநராயினர். அவர்களில் ஒருவர் கௌசிக். இவருடைய பயிற்சியில், தன்ராஜ் பிள்ளை தலைமையில், இந்தியா 1998இல் பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்றது. முப்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் ஆசியத் தங்கம். ஆனால் வென்று திரும்பிய சில வாரங்களிலேயே தன்ராஜ் உட்பட அணியின் முக்கிய வீரர்கள் பலர் நீக்கப்பட்டனர். கௌசிக்கும் பதவி இழந்தார். வெற்றிபெற்ற அணியைக் கலைப்பது எந்த விளையாட்டிலும் அரிது. இந்திய ஹாக்கியில் அது நடந்தது.

நீக்கப்பட்டவர்களில் தன்ராஜ் உள்ளிட்ட சிலர் பின்னர் மீண்டும் சேர்க்கப்பட்டனர். சிட்னி ஒலிம்பிக்குக்குப் பயிற்றுநர் பொறுப்பு பாஸ்கரனிடம் வந்தது. அணித்தலைவர் ரமன்தீப் சிங். தமிழகத்திலிருந்து முகமது ரியாஸ், திருமாவளவன் ஆகியோர் அணியில் இருந்தனர். புனே அருகே கட்கியில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த தன்ராஜையும் சேர்த்தால், பயிற்றுநரோடு தமிழில் பேசக்கூடியவர் அணியில் குறைவில்லை.

பாஸ்கரன் ஆடிய காலத்து ஹாக்கிக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இருந்தது. தரை மாற்றத்தைப் பற்றி மேலே கூறப்பட்டது. அதற்குப் பின் விதிகளும் மாறின. 1990களில் ஆட்டக்காரர்களை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி இறக்கலாம் என்ற விதி வந்தது. முன்பு பதினொருவரைத் தேர்ந்தெடுத்து அனுப்பிவிட்டு ஓரத்தில் அமர்ந்திருந்த பயிற்றுநர், இப்போது ஆட்டம் நடக்கும்போதே நிமிடத்துக்கு நிமிடம் முடிவெடுப்பவர் ஆனார். 1998இல் 'ஆப்சைடு' விதி முற்றிலும் நீக்கப்பட்டது. முன்னணி வீரர் எதிரணி இலக்கின் அருகிலேயே நின்று நீண்ட பந்தை எதிர்பார்க்கலாம். ஐந்து முன்னணி, மூன்று அரைக்காப்பு, இரண்டு பின்காப்பு என்ற பழைய அமைப்புக்கு இவ்விதி பெரும் இடைஞ்சல். பின்புறத்தைக் காக்க ஆள் கூட வேண்டும், அவ்வாறு கூட்டினால் இந்தியாவின் பலமான முன்னணியில் ஆள் குறையும். இந்தியப் பயிற்றுநர் அனைவரும் அந்நாளில் இச்சிக்கலோடு மல்லாடினர்.

சிட்னியில் தொடக்கம் நன்றாக இருந்தது. அர்ஜென்டினாவை 3-0 என வென்ற இந்தியா, போட்டியை நடத்திய ஆஸ்திரேலியாவுடன் 2-2 எனச் சமன் செய்தது. தென்கொரியாவிடம் 2-0 எனத் தோற்றது. ஸ்பெயினை 3-2 என வென்றது. கடைசிப் பிரிவு ஆட்டம் போலந்துடன். வென்றால் அரையிறுதி. 1984 முதல் இந்தியா எட்டாத இடம் அது.

இந்தியா 1-0 என முன்னணியில் இருந்தது. ஆட்டம் முடியும் தறுவாயில் போலந்து ஒரு கோல் அடித்தது. 1-1. அரையிறுதி வாய்ப்பு பறிபோயிற்று. போலந்துக்கு அந்த ஆட்டத்தில் வெல்வதாலோ சமன் செய்வதாலோ பதக்க வாய்ப்பு எதுவும் இல்லை. மாஸ்கோவிலும் போலந்துடனான ஆட்டமே பாஸ்கரனின் அணிக்கு இடறலாக இருந்தது என்பதை நினைத்தால் வியப்பாக இருக்கிறது. அன்று அது 2-2, மீள்வதற்கு மேலும் ஆட்டங்கள் இருந்தன. சிட்னியில் இல்லை. இந்தியாவின் பிரிவிலிருந்து அரையிறுதிக்குச் சென்ற தென்கொரியா, இறுதியாட்டம் வரை முன்னேறி, நெதர்லாந்திடம் பெனால்டி ஸ்ட்ரோக் முறையில் தோற்று வெள்ளி வென்றது. இந்தியா மீண்டும் அர்ஜென்டினாவை 3-1 என வென்று ஏழாம் இடத்தில் முடித்தது.

அந்தக் கடைசி நிமிடங்களை இந்திய ஹாக்கி அன்பர்கள் இன்றும் மறப்பதில்லை. முன்னணியில் இருக்கும்போது பந்தைத் தம் வசமே வைத்து நேரத்தைக் கடத்தும் பழக்கம் இந்திய அணிக்கு இல்லை என்ற குறை அக்காலத்தில் பலமுறை பேசப்பட்டது. ஒரு பயிற்றுநரின் முழுத் தொடரையும் மதிப்பிட ஒரே ஒரு கோல் போதுமா என்பதை வாசகர் தீர்மானிக்கலாம். அந்த ஒரு கோல் விழாதிருந்தால் இத்தொடர் வேறு விதமாக எழுதப்பட்டிருக்கும் என்பது மட்டும் உறுதி.

இடைப்பட்ட ஆண்டுகள்

சிட்னிக்குப் பின் பயிற்றுநர் பதவி கைமாறிய விரைவைச் சொன்னால்தான் பாஸ்கரனின் இரண்டாம் முறையை விளங்கிக்கொள்ள முடியும். செட்ரிக் டிசூசா 2002இல் கோலாலம்பூர் உலகக்கோப்பை நடந்துகொண்டிருக்கும்போதே நீக்கப்பட்டார். அவருக்குப் பின் வந்த இராஜிந்தர் சிங் 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் நெருங்கிய வேளையில் விலக்கப்பட்டு, ஜெர்மனியரான கெர்ஹார்ட் ராக் அமர்த்தப்பட்டார். ஏதென்சிலும் இந்தியா ஏழாம் இடமே பெற்றது. அடுத்து வந்தவரின் பெயரும் இராஜிந்தர் சிங்தான். இவர் இளையவர், மாஸ்கோ அணியின் இராஜிந்தரோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அவருக்குப் பின் 2006இல் பாஸ்கரன் மீண்டும் அழைக்கப்பட்டார்.

ஓர் ஒலிம்பிக்கிலிருந்து அடுத்த ஒலிம்பிக் வரை ஒரே பயிற்றுநரை வைத்து அணியை வளர்ப்பது ஐரோப்பிய நாடுகளின் வழக்கம். இங்கே ஒரு தொடருக்கு ஒருவர் என்ற நிலை இருந்தது. புதிதாக வருபவர் தம் ஆட்ட முறையைக் கற்பித்து முடிப்பதற்குள் அடுத்தவர் வந்துவிடுவார்.

பயிற்றுநராக: 2006

உலகக்கோப்பை 2006 செப்டம்பரில் ஜெர்மனியின் மன்கென்கிளாட்பாக் நகரில் நடைபெற்றது. திலீப் திர்க்கி தலைமையில் சென்ற இந்தியா, பிரிவு ஆட்டங்களில் ஒரு வெற்றிகூடப் பெறவில்லை. பன்னிரண்டு அணிகளில் பதினோராம் இடம். கடைசி இடத்தை தென்னாப்பிரிக்கா பெற்றது. ஜெர்மனி உலகக்கோப்பையைத் தக்கவைத்துக்கொண்டது.

அதே ஆண்டு டிசம்பரில் தோகாவில் ஆசிய விளையாட்டுப் போட்டி. ஆசியாவில் பதக்கம் உறுதி என்பது இந்திய அணியின் நீண்டகால எண்ணம். 1958இல் இப்போட்டியில் ஹாக்கி சேர்க்கப்பட்டது முதல் இந்தியா ஒருமுறைகூடப் பதக்கமின்றித் திரும்பியதில்லை. தோகாவில் சீனாவிடம் 3-2 எனத் தோற்றது. அரையிறுதிக்குச் செல்ல முடியாமல் ஐந்தாம் இடத்தில் முடித்தது. அச்சீன அணி இறுதியாட்டம் வரை சென்று வெள்ளி வென்றது. ஒருகாலத்தில் இந்தியாவுக்கு எளிய எதிராளியாக இருந்த நாடு, தொடர்ச்சியான பயிற்சித் திட்டத்தால் எவ்வளவு தூரம் வந்துவிட்டது என்பதை அத்தோல்வி காட்டியது.

இதன் பின் பாஸ்கரனின் இரண்டாம் பயிற்றுநர் காலமும் முடிவுக்கு வந்தது. 2007இல் ஜோக்கிம் கார்வாலோ பொறுப்பேற்றார். சரிவு அத்துடன் நிற்கவில்லை. 2008 மார்ச்சில் சிலி நாட்டின் சாண்டியாகோவில் நடந்த தகுதிச் சுற்றின் இறுதியாட்டத்தில் பிரித்தானியாவிடம் 2-0 எனத் தோற்று, 1928க்குப் பின் முதன்முறையாக இந்தியா ஒலிம்பிக் ஹாக்கிக்குத் தகுதிபெறத் தவறியது. மறு மாதம் இந்திய ஒலிம்பிக் சங்கம், இந்திய ஹாக்கிக் கூட்டமைப்பை இடைநீக்கம் செய்தது. பயிற்றுநர்கள் மாறிக்கொண்டே இருந்த அந்த ஆண்டுகளில், 1994 முதல் கூட்டமைப்பின் தலைமை மட்டும் மாறாமல் இருந்தது. தோல்விகளுக்கு யார் எவ்வளவு பொறுப்பு என்று கணக்கிடுவோர் இதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

2006 தோல்விகளில் பயிற்றுநருக்குப் பங்கில்லை என்று கூறுவதற்கில்லை. சில மாதங்களே கையில் இருந்தன என்றாலும், உலகக்கோப்பையில் கண்ட குறைகள் தோகாவிலும் தொடர்ந்தன. அதே வேளையில், பாஸ்கரனுக்கு முன்னும் பின்னும் வந்தவர்களின் முடிவுகளும் ஏறத்தாழ இப்படியே இருந்தன என்பதைப் பார்க்கும்போது, ஒரு தனிமனிதரின் தகுதிக் குறைவு என்ற விளக்கம் போதாது என்று தெரிகிறது.

பின்வந்த மாற்றம்

2009 முதல் இந்திய ஆடவர் அணிக்குப் பெரும்பாலும் வெளிநாட்டுப் பயிற்றுநர்களே அமர்த்தப்பட்டு வந்துள்ளனர். ஸ்பெயினின் ஹோசே பிராசா, ஆஸ்திரேலியாவின் மைக்கேல் நாப்ஸ், டெரி வால்ஷ், நெதர்லாந்தின் ரோலண்ட் ஓல்ட்மன்ஸ் எனப் பட்டியல் நீளும். இவர்களுள்ளும் இடையில் விலக்கப்பட்டவர் உண்டு. 2019இல் வந்த ஆஸ்திரேலியர் கிரகாம் ரீட் டோக்கியோவில் வெண்கலம் பெற்றுத் தந்தார். அவரும் ஆட்டக்காரராயிருந்து பயிற்றுநரானவரே. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற ஆஸ்திரேலிய அணியில் ஆடியவர். அவருக்குப் பின் வந்த தென்னாப்பிரிக்கர் கிரெய்க் புல்டன் காலத்தில் இந்தியா 2024இல் பாரிசிலும் வெண்கலம் வென்றது. இவ்விருவருக்கும் ஒலிம்பிக்குக்கு முன் அணியோடு ஓராண்டுக்கு மேல் வேலை செய்யும் வாய்ப்புக் கிடைத்தது. பாஸ்கரனின் 2006ஆம் ஆண்டுப் பணியோடு ஒப்பிடுகையில் இது கவனிக்கத்தக்க வேறுபாடு.

தமிழகத்தில் ஹாக்கியின் நிலையும் மாறியிருக்கிறது. சென்னை எழும்பூரில் உள்ள மேயர் இராதாகிருஷ்ணன் அரங்கில் 1995இல் செயற்கைத் தரை அமைக்கப்பட்டது. 2023 ஆகஸ்டில் அங்கே நடந்த ஆசிய வாகையர் கோப்பையை இந்தியா மலேசியாவை 4-3 என வென்று கைப்பற்றியது. வங்கி, இரயில்வே அணிகளின் ஆதிக்கம் குறைந்து, கோவில்பட்டி, அரியலூர் போன்ற ஊர்களிலிருந்து இளைஞர்கள் இந்திய அணியை எட்டுகின்றனர். பாஸ்கரன் ஆரணியிலிருந்து சென்னைக்கு வந்து கல்லூரி வழியாக ஆட்டத்தில் உயர்ந்த காலத்தில், சிற்றூர்ப் பிள்ளைகளுக்கு இத்தகைய வழிகள் குறைவு.

மாஸ்கோ அணியினர்

பாஸ்கரன் தலைமையில் 1980இல் தங்கம் வென்ற அணியில் பதினாறு பேர் இருந்தனர். இலக்குக்காப்பாளர்கள் ஆலன் ஸ்கோபீல்டு, பீர் பகதூர் சேத்ரி. மற்றவர்கள் சில்வானஸ் டுங்டுங், இராஜிந்தர் சிங், தேவிந்தர் சிங், குர்மெயில் சிங், இரவிந்தர் பால் சிங், எம். எம். சோமையா, எம். கே. கௌசிக், சரண்ஜித் குமார், மெர்வின் பெர்னாண்டஸ், அமர்ஜித் சிங் ராணா, முகமது ஷாகித், ஜாபர் இக்பால், சுரிந்தர் சிங் சோதி ஆகியோர். இவர்களுள் ஜாபர் இக்பால் 1984இலும் சோமையா 1988இலும் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்குத் தலைமை தாங்கினர்.

ஷாகித் ஜூலை 20, 2016 அன்று காலமானார். கௌசிக்கும் இரவிந்தர் பால் சிங்கும் கொரோனாத் தொற்றுக்கு ஆளாகி மே 8, 2021 அன்று ஒரே நாளில் காலமானார்கள். அதற்கு மூன்று மாதங்கள் கழித்து, ஆகஸ்ட் 5, 2021 அன்று டோக்கியோவில் இந்தியா ஜெர்மனியை 5-4 என வென்று வெண்கலம் பெற்றது. மாஸ்கோவுக்குப் பின் ஒலிம்பிக் ஹாக்கியில் இந்தியா வென்ற முதல் பதக்கம் அது.